காய்க்காத பூவும் மலையணில் சடையனும்

மலையடிவாரக் காட்டில், சுனைக்குப் பக்கத்தில், கூராயி என்ற முள்ளம்பன்றி ஒரு பூசணிக்கொடி போட்டிருந்தது.

கூராயி வயிற்றில் குட்டி. மழை பிடிக்கிற சமயத்தில் பிறக்கும். பிறந்தால் இரண்டு மாதத்துக்கு வளையை விட்டு நகர முடியாது. ஏழெட்டுப் பூசணி விளைந்தால் வளைக்குள் உருட்டிப் போட்டுக்கொண்டு பிள்ளையோடு காலம் தள்ளிவிடலாம். விளையாவிட்டால் பட்டினிதான்.

கொடிக்குத் தண்ணீர் விட்டது சடையன் என்ற மலையணில். ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத ஜென்மம் அது. மூங்கில் குழாயில் தண்ணீர் மொண்டு வரும், பாதி வழியிலேயே சிந்திவிடும், திரும்ப ஓடும். அதற்குக் கூலி, பூ. சடையன் பூச்சமையலில் கெட்டிக்காரன். பூசணிப்பூவின் நடுவில் இருக்கிற குச்சியைக் கிள்ளி எறிந்துவிட்டு, மூங்கிலரிசி மாவில் தோய்த்து, வெயிலில் காய்ந்த பாறையில் போட்டு எடுக்கும். வாசம் காட்டைத் தூக்கும்.

"சடையா, பிஞ்சு வச்ச பூவைத் தொடாதே. காம்பு மட்டும் நீளமா நிக்குதே, அந்த வெறும்பூவை எடுத்துக்க. அதுலயும் பாதியை வண்டுக்கு விட்டுடு" என்றது கூராயி.

"சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிவிட்டு, சொல்லி முடிப்பதற்குள் ஓடிவிட்டது சடையன்.

முதல் வாரம் பாதியை விட்டது; பிஞ்சுப்பூ அப்போது விரியத் தொடங்கவில்லை. அப்புறம் பாறையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. முயல் வந்தது, மைனா வந்தது, கீரி குடும்பத்தோடு வந்தது.

"என்ன மாமா, ஆளுக்கு ஒண்ணுதானா? மோந்து பாக்கவா கூப்பிட்டே?" என்றது முயல்.

சடையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கொடியைப் பார்த்தது. பிஞ்சு இல்லாத பூக்கள் காற்றில் ஆடிக்கொண்டு நின்றன. 'இதுங்க காய்க்கவா போகுது? சும்மா தண்ணியைக் குடிச்சிட்டு நிக்குதுங்க. வண்டுக்குக் காட்டில் வேற பூவா இல்லை? அக்காவுக்கு இளகின மனசு, தருமம் பண்ணச் சொல்லுது' என்று நினைத்துக்கொண்டது. அத்தனையையும் பறித்தது. மறுநாளும் பறித்தது. பூ போதாமல் மொக்கைக் கிள்ளிக் கூட்டு வைத்தது.

பிஞ்சு வைத்த பூவை மட்டும் ஒன்றுகூடத் தொடவில்லை. அந்த விஷயத்தில் சடையன் யோக்கியன்.

பத்து நாள் போனது. கோலிக்குண்டு மாதிரி இருந்த பிஞ்சுகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, சுருங்கி, விழுந்தன.

கூராயி சாம்பல் தூவியது. இலையைப் புரட்டிப் புழு தேடியது. தூக்கம் போய்விட்டது அதற்கு. பெருத்த வயிற்றோடு கொடிக்கும் வளைக்குமாக நடந்துகொண்டே இருந்தது.

"தண்ணி விட்டியா?"

"விட்டேன்க்கா."

"பிஞ்சுப் பூவைப் பறிச்சியா?"

"என் வால் மேல சத்தியம். தொடவே இல்லை. அந்தக் கீரி கண்ணு பட்டிருக்கும்."

அப்போது ஒரு தேனீ வந்து பிஞ்சுப்பூ ஒன்றுக்குள் நுழைந்து, வெளியே வந்து, காலைத் தேய்த்தது.

"வெறுங்காலோட வந்து வெறுங்காலோட போறேன். இங்கே எவன் வேலை இது?" என்று அலுத்துக்கொண்டது.

"என்ன சொல்றே?" என்றது கூராயி.

"வெறும்பூ நடுவுல குச்சி இருக்கே, அதுல மஞ்சத்தூள் இருக்கும். அது என் காலில் ஒட்டிக்கிட்டு வந்து பிஞ்சுப்பூவில் விழுந்தால்தான் காய் நிக்கும். வெறும்பூவே இல்லாத கொடியில நான் எதைக் கொண்டு வந்து போட? உன் மாவையா?" என்று சடையனைப் பார்த்துச் சொன்னது தேனீ.

சடையனின் வால் தரையில் விழுந்தது. இத்தனை நாளும் கிள்ளி எறிந்தது அந்தக் குச்சியைத்தான்.

கூராயி முள்ளைச் சிலிர்க்கவில்லை. கொடியின் நுனிக்குப் போய்ப் பார்த்தது. கொடி வயசாகி வாடத் தொடங்கியிருந்தது. பிஞ்சோடு மூன்று மொக்கு மிச்சம். "நாளைக்குக் காலையில இந்த மூணும் விரியும். வெயில் ஏறினா மூடிக்கும். அதோட சரி" என்றது.

"வேற கொடி எங்கே இருக்கு?" என்று தேனீயைக் கேட்டது சடையன்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம், காட்டுப்பன்றி படுக்கிற இடத்துல. எங்க கூட்டம் அவ்வளவு தூரம் போறதில்லை."

கிழக்கு வெளுக்கும் முன்னே சடையன் கிளம்பிவிட்டது. மரத்துக்கு மரம் தாவி, ஆற்றுக்கு மேல் தொங்கிய கொம்பைப் பிடித்து அந்தக் கரைக்குப் போனது. பன்றி கொடிக்கு நடுவிலேயே கிடந்தது.

"அண்ணே, எனக்கு நாலு பூ வேணும். அவசரம்."

பன்றி ஒரு கண்ணைத் திறந்தது. "அட, நம்ம சமையக்காரன்! உன் கைப்பக்குவம் இந்தக் கரை வரைக்கும் பேச்சு. ஒரு தட்டுப் பூ சுட்டுக் குடு. அப்புறம் கொண்டு போ."

"அண்ணே, நேரமில்லை. வெயில் ஏறுது."

"வெயில் ஏறினாத்தானே பாறை காயும்? உக்காரு."

சடையன் உட்காரவில்லை. பாறையைத் தொட்டுப் பார்த்தது. சூடாகவில்லை. சூரியனைப் பார்த்தது. சுற்றிச் சுற்றி வந்தது. மறுபடியும் தொட்டது.

"உன்னைப் பாத்தாலே எனக்குத் தலை சுத்துது" என்றது பன்றி. "பறி, எல்லாத்தையும் பறி."

"பாதிதான் பறிப்பேன்" என்றது சடையன்.

பறித்த பூவை எடுத்தது. பழகிய விரல் நடுக்குச்சியைக் கிள்ளி எறியப் போனது. சட்டென்று நிறுத்திக்கொண்டது. குச்சிகளை ஒவ்வொன்றாக ஓர் இலையில் வைத்து மடித்தது. பூவிதழைப் பாறையில் பரப்பியது. பாதி வெந்தும் வேகாமலும் எடுத்துப் பன்றி முன்னால் தள்ளியது.

பன்றி மென்றது. "உப்பில்லை. மாவும் இல்லை. இதுக்கா இத்தனை பேச்சு? ஏம்ப்பா, எறியுற குச்சியைக் கட்டிக்கிட்டுப் போறியே, புத்தி கித்தி பிசகிடுச்சா?"

சடையன் வாயில் இலைப்பொட்டலத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் கரையில் முயல் குறுக்கே வந்து, "மாமா, இன்னைக்கு என்ன பலகாரம்?" என்றது. சடையன் அதன் தலைக்கு மேலே தாவிப் போய்விட்டது.

வந்து சேர்ந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு பூ மூடிச் சுருண்டுவிட்டது. இரண்டாவதும் மூடிவிட்டது. மூன்றாவது பூவுக்கு மேலே பெரிய தேக்கிலை ஒன்றைக் குடையாகப் பிடித்தபடி கூராயி நின்றுகொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து நிற்கிறது. அந்த நிழலில் பூ பாதி திறந்திருந்தது.

சடையன் பொட்டலத்தை அவிழ்த்தது. குச்சியை எடுத்துப் பூவின் நடுவில் மெல்லத் தடவியது. மஞ்சள் தூள் ஒட்டிக்கொண்டது. தன் ஆயுசில் முதல் தடவையாகச் சடையன் அசையாமல் இருந்தது.

அந்த ஒரு பிஞ்சு மட்டும் நின்றது. நாளாக ஆகப் பருத்தது. மழை இறங்கிய அன்று இரண்டும் சேர்ந்து அதை வளைக்குள் உருட்டின. மூன்றாம் நாள் கூராயிக்கு இரட்டைக் குட்டி பிறந்தது.

"ஒரு காய் எத்தனை நாளைக்குக்கா வரும்?" என்றது சடையன் வளை வாசலில் நின்று.

"பத்து நாள். இறுக்கிப் பிடிச்சா பன்னிரண்டு."

"அப்புறம்?"

கூராயி குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டது. குட்டிகள் பால் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சடையன் வானத்தைப் பார்த்தது. நனைந்தால் அதன் வால் ஈரத் துணி மாதிரி கனக்கும், தாவ வராது, தரையில் நடந்துதான் போக வேண்டும். மழையில் இறங்கிக் கூராயிக்குக் கிழங்கு தேடப் போனது. மறுநாளும் போனது. மழை விடும் வரை தினமும் போனது.

ஒன்றின் பயன் நமக்குத் தெரியவில்லை என்பதற்காக அதை வீண் என்று தின்றுவிட்டால், நாம் தின்பது அடுத்தவர் சோற்றைத்தான்.