பாகவதர் எண்ணிய சுரம்

முன்னொரு காலத்தில், போர் எதுவும் வராமல் ராஜாக்களுக்குப் பொழுது போகாத நாளில், ஒரு ராஜாவுக்குச் சங்கீதப் பைத்தியம் பிடித்தது. காலையில் வீணை, மாலையில் வீணை, சாப்பாட்டுக்கு நடுவிலும் வீணை! அவருடைய விகடகவி கூத்தபிரானுக்கோ காதில் விழுவது ஸவா, ரியா என்றே தெரியாது. கச்சேரியில் சுகமாகக் குறட்டை விடுவார்.

வீணை வித்துவான் சாரங்கபாணி பாகவதருக்கு இது பொறுக்கவில்லை. பாடத்தில் சிஷ்யன் ஒரு சுரத்தை விட்டாலே தெருக்கோடி வரை கத்துகிற மனிதர், குறட்டையைப் பொறுப்பாரா?

"பிரபு, இசை அறியாதவருக்குச் சபையில் ஆசனம் எதற்கு? இரண்டு சுரம் மீட்டுகிறேன். முதலாவதை ஸ என்று கொண்டால், அதிலிருந்து இரண்டாவது எத்தனையாவது சுரம்? இவர் சொல்லட்டும்" என்றார்.

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஓட்டைக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டார். "கூத்தபிரானே, இது மூழ்குமுன் சரியான விடை சொல்லவேண்டும். தவறினால் இன்றே ஊரைவிட்டுப் போகவேண்டும்."

கூத்தபிரானுக்கு வீட்டு ஞாபகம் வந்தது. அன்று காலைதான் அவர் மனைவி கொல்லையில் அவரைக்கொடிக்குப் பந்தல் போட்டிருந்தாள். அதை விட்டுவிட்டு எங்கே போவது?

பாகவதர் இரண்டு தந்திகளை மீட்டினார். டொய்ங்... டொய்ங்... சபை காதைத் தீட்டிக்கொண்டது. கிண்ணத்தில் பாதி தண்ணீர் ஏறிவிட்டது. கூத்தபிரான் கண்ணை மூடி, விரலை மடக்கி, அபார சத்தத்தில் எண்ண ஆரம்பித்தார்.

"ஸ... ரி... க... ப..."

"ஐயோ!" பாகவதர் துள்ளி எழுந்தார். "ம எங்கே ஐயா? மவை விழுங்கிவிட்டு ப எப்படி வரும்? ஸ ரி க ம ப த! நான் மீட்டியது த! ஆறாவது சுரம்!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

கூத்தபிரான் கைகூப்பினார். "ஆறாவது சுரம், பிரபு. கிண்ணம் இன்னும் மிதக்கிறது."

"அநியாயம்! இவர் கண்டுபிடிக்கவே இல்லை!"

"சொல்லவேண்டும் என்றுதானே உத்தரவு? கண்டுபிடிக்கவேண்டும் என்று பிரபு சொல்லவில்லையே."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் பட்டுச் சால்வையை எடுத்துக் கூத்தபிரானுக்குப் போர்த்தினார். அவரோ அதைக் கழற்றிப் பாகவதர் தோளில் போட்டார். "எண்ணியவர் இவர்தான், பிரபு. எனக்கு என் அவரைப் பந்தல் போதும்."

பாகவதர் சால்வையைத் தடவிப் பார்த்தார். கோபம் இறங்கிவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"எல்லாம் சரி, ஓய். கவுக்கு அப்புறம் ம. மறந்துவிடாதீர்!"

ராஜா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். அன்று கச்சேரியே நடக்கவில்லை.