செப்புக்குடத்துக்குள் அறுபது உறுமல்

வெகு காலத்துக்கு முந்தி, மந்திரவாதிகள் பட்டப்பகலில் அரண்மனை வாசலுக்கே வந்து "வேலை ஏதும் உண்டா?" என்று கேட்டுப்போன காலத்தில், ஈச்சங்கோட்டை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்டவன் சண்டமாறன். எதிர்த்து ஒரு சத்தம் வரக்கூடாது அவனுக்கு. மனுஷரும் முணுமுணுக்கக் கூடாது, நாயும் முணுமுணுக்கக் கூடாது.

நாயுமா? ஆமாம், சிரிக்காதீர்கள். அரண்மனைக் கொட்டடியில் அறுபது வேட்டை நாய்கள் இருந்தன. சிலம்பாயியும் அவள் புருஷன் மொக்கையனும்தான் அவற்றுக்குச் சோறு போட்டு வளர்த்தார்கள். ராஜா தலையைத் தடவும்போது ஒரு நாய் 'உர்ர்' என்றால் போதும், "என்னையே உறுமுதா? போடு ரெண்டு!" என்பான். சிலம்பாயி பிரம்பை எடுப்பாள். எடுக்காவிட்டால் அது அவள் முதுகில் விழும். நாளாக ஆக ராஜா இல்லாத நேரத்திலும் கை தானாகப் பிரம்புக்குப் போனது. உறுமினால் திமிர், திமிருக்கு அடி. மகா உத்தமியின் கதை சொல்வேன் என்று நினைத்தீர்களா? இல்லை, இவள் அடித்தவள்தான்.

எத்தனை அடித்தும் உறுமல் முழுசாக நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்து மௌனமுண்டன் என்ற மந்திரவாதி ஒரு செப்புக்குடத்தோடு வந்து நின்றான்.

"அறுபது உறுமலையும் நான் எடுத்துக்கிறேன் ராஜா. கூலி ஒண்ணும் வேண்டாம். உறுமல் இருந்த இடத்துல இனிமே எது வருதோ, அது எனக்கு."

"உறுமல் போனா அமைதிதான் வரும். தாராளமா எடுத்துக்கோ!" என்று ராஜா சிரித்தான்.

மௌனமுண்டன் குடத்தின் வாயைத் திறந்து கொட்டடிப் பக்கம் நீட்டினான். அறுபது தொண்டையிலிருந்தும் உறுமல் கிளம்பி வந்து குடத்துக்குள் புகுந்தது. அரக்கு வைத்து மூடினான், தோளில் ஏற்றினான், கரட்டுமலைக்குப் போய்விட்டான். கொட்டடி கப்சிப்பென்று ஆனது. பத்து நாள் ராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பதினோராம் நாள் காலையில், செவலை என்ற நாய் தின்றுகொண்டிருந்த கலயத்தைத் தள்ளிவைக்க மொக்கையன் குனிந்தான். முன்பெல்லாம் அந்த இடத்தில் செவலை 'உர்ர்' என்னும், அவன் கையை இழுத்துக்கொள்வான். அன்றைக்குச் சத்தமில்லை, சாடையில்லை, நேராகக் கடி. கழுத்தில் விழுந்தது. சிலம்பாயி ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்து ஒரு தண்ணீர்க்காரன். சத்தமில்லை, சாடையில்லை, நேராகக் கடி. அவனும் பிழைக்கவில்லை. அதற்கடுத்து ராஜாவே. தலையைத் தடவப் போனவன் வலது கையில் இரண்டு விரல் இல்லாமல் திரும்பினான்.

"சுண்ணாம்புக் காளவாயை மூட்டு! அறுபதையும் உள்ளே தள்ளு!" என்று கத்தினான்.

தள்ளட்டும் என்றுதான் சிலம்பாயியும் நினைத்தாள். செவலையைத் தன் கையாலேயே முதலில் தள்ளவேண்டும் என்று நினைத்தாள். அப்படி ஒரு ஆத்திரம், அப்படி ஒரு துக்கம். சங்கிலியை எடுத்துக்கொண்டு போனாள். செவலை மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. அவள் நெருங்க நெருங்க அதன் தொண்டை ஏறி ஏறி இறங்கியது. வாய் உறுமியது, சத்தம் மட்டும் வரவில்லை.

சிலம்பாயி சங்கிலியைக் கீழே போட்டாள். "அடப்பாவி மக்கா! 'வராதே, பயமா இருக்கு'ன்னு சொல்லிச் சொல்லித்தானே பார்த்திருக்கு. சொன்னப்பல்லாம் அடிச்சேனே! கடைசியில வாயையே பிடுங்கிட்டோமே!"

ஓடிப்போய் ராஜா காலில் விழுந்தாள். "உறுமல் இருந்திருந்தா என் புருஷன் இருந்திருப்பாரு மகாராஜா, உங்க விரலும் இருந்திருக்கும். மூணு நாள் குடுங்க. திருப்பிக் கொண்டுவரேன்."

ராஜா கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். "மூணாம் நாள் பொழுது சாயும்போது வரலேன்னா, நாய்ங்களோட நீயும் காளவாய்க்குள்ளே."

முதல் நாள், கரட்டுமலைக் குகைக்குப் போனாள். உள்ளே செப்புக்குடம் இருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு விளக்குகள் எரிந்தன. ஒன்று மொக்கையன் இருமுவதுபோல விட்டுவிட்டு எரிந்தது. அவன் உயிர்தான் அது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவளுக்கு. மற்றது அந்தத் தண்ணீர்க்காரனுடையது. மௌனமுண்டன் அந்த வெளிச்சத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்தான். அடுத்தவர் சாவில் எரியும் விளக்குதான் அவனுக்கு ஆயுசு.

"உடைக்க வந்தியா? கோடரிக்கு உடையாது, மந்திரத்துக்கு உடையாது, கண்ணீருக்கும் உடையாது. ஒரு நாய் மனுஷர் முகத்துக்கு நேரா உறுமணும். உறுமல் கேட்ட மனுஷர் கை ஓங்காம ஒரு அடி பின்னால போகணும்."

"உறுமல்தான் உன் குடத்துல கிடக்கே. எப்படி உறுமும்?"

"நான் சொன்னா கேக்க ஆள் இருக்குன்னு ஒரு நாய் நம்பிட்டா, இந்தக் குடம் தாங்காதுடி. ஆனா உங்க ஊருல அப்படி ஒரு ஆளா? போ, போ!" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

இரண்டாம் நாள், பிரம்பைத் தூரப் போட்டுவிட்டுக் கொட்டடிக்குள் போனாள். மடியில் இறைச்சித் துண்டுகள் வைத்திருந்தாள். செவலையை நோக்கி நேராக நடந்தாள். அது கொட்டாவி விட்டது. தூக்கமா? நன்றாக விடிந்த வேளையில் என்ன தூக்கம்? நின்று யோசித்தாள். இன்னும் ஒரு அடி வைத்தாள். வாயில் ஒன்றுமில்லாமலே மூக்கை நக்கிக்கொண்டது. இன்னும் ஒரு அடி வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது, கண் ஓரத்தில் வெள்ளை தெரிந்தது, உடம்பு கட்டையாக விறைத்தது.

சத்தம்தானே போனது, சாடை எங்கே போனது? இத்தனையும் மொக்கையன் முன்னாலும் நடந்திருக்கும். யாருக்கும் பார்க்கத் தெரியவில்லை.

அப்படியே பின்னால் போனாள். செவலையின் தோள் தளர்ந்தது. ஒரு துண்டை எறிந்தாள், இன்னும் பின்னால் போனாள். பக்கவாட்டில் திரும்பி, அதன் கண்ணை நேராகப் பார்க்காமல் உட்கார்ந்தாள். அது கொட்டாவி விட்டால் நிறுத்துவாள். நக்கினால் நகர்வாள். முகத்தைத் திருப்பினால் எழுந்து போய்விடுவாள். அன்று முழுக்க இதே வேலை. வெளியே காளவாய்க்கு விறகு அடுக்கும் ஆட்கள், "புருஷனைக் கொன்ன நாய்க்கு விருந்து வைக்கிறா பாரு. புத்தி பேதலிச்சுப்போச்சு" என்றார்கள். அவளுக்கோ கறித்துண்டை எறியும்போதெல்லாம் மொக்கையன் கழுத்துதான் கண்ணில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் செவலை தானாகவே நாலு அடி முன்னால் வந்து தின்றது. மதியம் அவளுக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்தது. உறுமல் மட்டும் வந்தபாடில்லை. பொழுது இறங்கியது, காளவாய்ப் புகை கொட்டடிக்குள் வந்தது. சங்கிலிகளோடு சேவகர்கள் வாசலில் நின்றார்கள்.

சிலம்பாயி ஒரு பெரிய எலும்பைப் போட்டுவிட்டுத் தள்ளிப் போனாள். செவலை கடிக்கத் தொடங்கியது. மெதுவாக அதை நோக்கி ஒரு அடி வைத்தாள். செவலை மெல்லுவதை நிறுத்தியது, தொண்டை அசைந்தது, சத்தம் இல்லை. உடனே பின்னால் போனாள். இரண்டாம் தடவை வந்தாள். தொண்டை அசைந்தது, சத்தம் இல்லை. பின்னால் போனாள்.

"நேரமாச்சுக்கா, வா வெளியே" என்றான் ஒரு சேவகன், அழாத குறையாக.

மூன்றாம் தடவை வந்தாள். செவலை தலையை நிமிர்த்தி, அவள் முகத்துக்கு நேராகப் பார்த்து, 'உர்ர்ர்ர்' என்றது.

அய்யோ, அந்த நொடி! அவள் கை ஓங்கப் பார்த்தது. எத்தனை வருஷத்துப் பழக்கம். போதாததற்கு, புருஷனைக் கொன்ற வாய் அவளையே உறுமுகிறது. தோள் வரைக்கும் எழும்பிய கையை மறு கையால் பிடித்தாள், நகம் பதியப் பிடித்து இறக்கினாள். "சரிய்யா. கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று சொல்லி ஒரு அடி பின்னால் போனாள்.

கரட்டுமலையில் இடி விழுந்தாற்போல ஒரு சத்தம். குடம் உடைந்தது. விளக்குகள் இரண்டும் அணைந்து, அடைபட்ட உயிர்கள் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வெளிச்சம் போன குகையில் மௌனமுண்டன் சாம்பலாகச் சரிந்தான். கொட்டடியில் அறுபது நாயும் ஒரே நேரத்தில் உறுமின. சேவகர்கள் சங்கிலியைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

சத்தம் கேட்டு ராஜாவே ஓடிவந்தான். செவலை எலும்பின் மேல் கால் வைத்து அவனையும் பார்த்து உறுமியது. மூன்று விரல் கை வாளுக்குப் போனது.

"ஒரு அடி மகாராஜா" என்றாள் சிலம்பாயி. "ஒரே ஒரு அடி பின்னால போங்க. அது அவ்வளவுதான் கேக்குது."

பிறந்ததிலிருந்து பின்னால் கால் வைத்தறியாதவன் சண்டமாறன். நாயைப் பார்த்தான், கையைப் பார்த்தான், ஒரு அடி பின்னால் போனான். செவலை உறுமலை நிறுத்திவிட்டு எலும்புக்குக் குனிந்தது.

காளவாயைத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். கொட்டடிக்கு இனி சிலம்பாயி சொன்னதுதான் சட்டம், அவள் அனுமதி இல்லாமல் ராஜாகூட உள்ளே கால் வைக்கக்கூடாது என்று ராஜாவே ஆணையிட்டான். பட்டுப்புடவையும் காப்பும் தட்டில் வந்தன. அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

எல்லாரும் போன பிறகு தரையில் உட்கார்ந்தாள். மொக்கையன் போனதிலிருந்து அழ நேரமில்லாமல் இருந்தவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். எலும்பை விட்டுவிட்டுச் செவலை எழுந்து வந்து இரண்டு அடி தள்ளி நின்றது. அதன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. "இப்ப வராதே. என்னால முடியலை" என்றாள்.

செவலை ஒரு அடி பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.