பூபாலன் வீட்டுக் கடல்

கொளத்தூர் எத்திராஜ் சலூனில் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தாலும் பூபாலனுக்கு வாய் மட்டும் சும்மா இருக்காது. மனைவி மேகலா கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் அன்றோடு பதினெட்டு நாள். அவளைக் கூட்டி வரத்தான் இந்த ஷேவிங். கூப்பிட்டால் வருவாளா என்று உள்ளுக்குள் பயம். அதை மறைக்கத்தான் இவ்வளவு பேச்சும்.

“எல்லாம் அந்த டேங்குன்ற மீனால வந்த வினைப்பா. ஒரு சாண் கடல் மீனு, நீலக் கலரு. ஹால்ல கண்ணாடித் தொட்டி வெச்சு, உப்புத்தண்ணி ஊத்தி வளக்குறேன். அதுக்கு வாலாண்ட ஒரு கத்தி இருக்குது. அதால அதுதான் எனக்கு தெனம் ஷேவ் பண்ணும்.”

“அப்புறம் இங்க இன்னாத்துக்கு வந்தே?” என்றார் எத்திராஜ், பிளேடை மாற்றிக்கொண்டே.

“தீனிக்கு வாங்கியாந்த கடல்பாசி நல்லா இல்லியாம். ஸ்டிரைக்கு.”

பெஞ்சில் காத்திருந்த கன்னியப்பன் பேப்பரை மடித்தார். “டேய், பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்டா.”

அவ்வளவுதான், பூபாலனுக்கு வேகம் ஏறிவிட்டது.

“சத்தியமாண்ணே! தண்ணி சூடாவுதுன்னு ஏசியத் தன் பக்கம் திருப்பிக்கிச்சு. நான் மொட்ட மாடிக்குப் போயிட்டேன். அப்புறம் உப்பு பத்தலன்னு முறைச்சுது. மூட்ட மூட்டையா கொட்டினேன். இப்ப பௌர்ணமியானா எங்க ஹால்ல அலை அடிக்குது! போன தபா சோபாவோட என்னை வாரிக்கினு போயி தெருவுல தள்ளிச்சு. காசிமேட்டு மீன்பிடிக்காரங்க நாலு பேரு வலையோட வந்து கதவத் தட்டுறாங்க. மீனு உள்ளேர்ந்து, ‘வீட்ல யாரும் இல்ல’ன்னுது. நான் வாசல்லதான் நிக்கிறேன்!”

“அது நிஜம்தான் சொல்லியிருக்கு,” என்றார் கன்னியப்பன்.

எத்திராஜ் அவன் முகத்தைத் துடைத்துவிட்டார். “இந்தக் கதையெல்லாம் அந்தப் பொண்ணுகிட்ட விடாதே. மொதல்ல போன் போட்டு, மரியாதையா வான்னு கூப்பிடு.”

பூபாலன் மேகலாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான். நீ இல்லாமல் வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் நினைத்தான். ஆனால் வாய்ப் பழக்கம் விடுமா?

“மேகலா, மீனு உன்னியே தேடுதும்மா. பதினெட்டு நாளா பட்டினி. அது அழுத அழுகையில தொட்டி ரொம்பி வழியுது. காத்தால வெளிய குதிச்சு வந்து, ‘அண்ணியக் கூட்டியா’ன்னு என் கால்ல விழுந்துச்சு!”

சலூனே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

“வெளிய வந்து கால்ல விழுந்துச்சா?” என்றாள் மேகலா.

“உம்மேல சத்தியமா!”

“அவ்ளோ தூரம் வந்துச்சுல்ல? அப்படியே பஸ் ஏறி இங்க வரச் சொல்லுங்க. நான் அதுகிட்டயே பேசிக்கிறேன்.”

போனை வைத்துவிட்டாள்.