ரங்கூன் ஈஸ்ட்

“சாமி, அப்பாவுக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மகள் மீறலாமா?”

வந்து உட்காரக்கூட இல்லை. செண்பகவல்லி நின்றபடியே கேட்டுவிட்டாள்.

தாண்டவ அடிகள் மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவளைவிட வயதில் இளையவர். காவிரிக்கரையில் ஒரு ஓட்டு வீடு, நாலு பாத்தி செடி, அவ்வளவுதான் அவருடைய மடம். அதிகம் பேசமாட்டார். மனசு குழம்பிய நாளில் அவள் காரை அங்கேதான் விடச் சொல்வாள்.

“என்ன சத்தியம்மா?”

“எங்க தாய் ஈஸ்டை யாருக்கும் கொடுக்கமாட்டேன்னு.”

அவர் குடத்தைக் கீழே வைத்தார்.

ரொட்டி உப்புவதற்குப் போடுகிற ஈஸ்ட்தான் அவள் குடும்பத் தொழில். கடைக்குப் போகிற பாக்கெட் வேறு, தாய் ஈஸ்ட் வேறு. அது ஆலைக்குள் ஒரு குளிர் அறையில் பூட்டி இருக்கும். அதில் துளி எடுத்துத்தான் ஒவ்வொரு முறையும் தொட்டி தொட்டியாகப் பெருக்குவார்கள். பாக்கெட்டை வாங்கி அதிலிருந்து வளர்க்கப் பார்த்தவர்கள் உண்டு. கூடவே கண்ட கிருமியும் வளர்ந்ததுதான் மிச்சம்.

கேட்டு வந்திருப்பவர் இருதயராஜ். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈஸ்ட் ஆலை வைத்திருப்பவர். அவருடைய அப்பா அருளப்பன், செண்பகவல்லியின் தாத்தாவிடம் மேஸ்திரியாக இருந்து, சண்டை போட்டுக்கொண்டு போய்த் தனியாகத் தொழில் தொடங்கியவர். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

இப்போது இருதயராஜின் தாய் ஈஸ்ட் கெட்டுப்போய்விட்டது. தொட்டிகளைக் கழுவிக் கழுவிப் புதிதாக ஆரம்பித்துப் பார்த்தார். பொங்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க மாதக்கணக்காகும், அதற்குள் ஆலையை மூட வேண்டியதுதான். நேற்று அவரே வந்து அவள் வீட்டு வாசலில் நின்றார்.

மூடட்டும், அத்தனை பேக்கரியும் நம்மிடம் வரும் என்கிறான் அவள் தம்பி.

அடிகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“அது உங்களுக்கு எப்படி வந்தது?”

செண்பகவல்லிக்கு முகம் மலர்ந்துவிட்டது. எத்தனையோ மேடையில் சொன்ன கதை அது. இப்போதுதான் உட்கார்ந்தாள்.

அவள் தாத்தா வெள்ளைச்சாமி ரங்கூனில் ஒரு சீனக்காரர் பேக்கரியில் மாவு பிசைந்தவர். உலக யுத்தம் வந்து குண்டு விழ ஆரம்பித்ததும் ஊரே கிளம்பிவிட்டது. மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்ததால் முதலாளியால் கிளம்ப முடியவில்லை. தன்னிடம் இருந்த தாய் ஈஸ்டில் பாதியை எடுத்து, அரிசி மாவில் உருட்டிக் காயவைத்து, வெள்ளைச்சாமியின் மடியில் கட்டிவிட்டார்.

அதோடு வெள்ளைச்சாமி காடும் மலையும் ஏறி அசாம் வரை நடந்தார். கூட வந்தவர்கள் இலையைப் பறித்துத் தின்றார்கள். வழியில் செத்தவர்களும் உண்டு. இவர் பசியில் இரண்டு தரம் மயங்கி விழுந்தார். மடியில் இருந்ததோ அரிசி மாவு. ஒரு உருண்டையில்கூட வாய் வைக்கவில்லை.

காவிரிக்கரைக்கு வந்து, தகரக் கொட்டகையில் மண்பானையில் அதை உயிர்ப்பித்தார். பனைவெல்லத்தைக் கரைத்து ஊட்டினார். தினமும் விடியும் முன்னால் ஈஸ்டை வாழையிலையில் பொதிந்து, சைக்கிளில் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவருக்குப் பின் அப்பா ரத்தினவேலு, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் அதை வளர்க்கக் கற்றுக்கொண்டு, பானை இருந்த இடத்தில் இரும்புத் தொட்டி வைத்தார். செண்பகவல்லி அதை உலர்த்திப் பாக்கெட்டில் அடைத்தாள். இன்றைக்குக் கப்பலேறிப் போகிறது.

“ஆப்பிரிக்காவில ஒரு ஊர்ல ரொட்டிக் கடை வாசல்லயே எங்க தாத்தா படம் ஒட்டியிருக்காங்க சாமி. நானே போய்ப் பார்த்தேன். கண்ணு கலங்கிப்போச்சு.”

அடிகள் தலையாட்டினார். அவருக்கும் கதை பிடித்திருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

“அந்த முதலாளி பேர் என்னம்மா?”





“சீனக்காரர்னுதான் சொல்லுவோம்” என்றாள் மெதுவாக.

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டார்.

 அவள் காரில் ஏறி, ஆலைக்குப் போகாமல் வீட்டுக்கு விடச் சொன்னாள்.

அப்பா ரத்தினவேலுவுக்கு எண்பத்தாறு வயது. எழுந்து நடமாட முடியாது. ஆலைப் புகைபோக்கி தெரிகிற ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காற்றில் வரும் பாகு வாசனையை வைத்தே எந்தத் தொட்டி பொங்குகிறது என்று சொல்லிவிடுவார்.

“அப்பா, ரங்கூன்ல தாத்தாவுக்கு ஈஸ்ட் கொடுத்தாரே, அவர் பேர் என்ன?”

அவர் யோசித்தார். 

“மொதலாளின்னுதான் தாத்தா சொல்லுவாரு. பேர் சொன்னதில்ல.”

“தாத்தாகிட்ட சத்தியம் ஏதும் வாங்கினாராப்பா?”

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். எதற்குக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியும். தம்பி காலையிலேயே வந்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

“அருளப்பன் மகன் வாசல்ல நின்னானாமே. உள்ள கூப்பிட்டியா?”

“கூப்பிட்டேன். காபி குடிச்சிட்டுத்தான் போனார்.”

“ம்.”

ஜன்னலுக்கு வெளியே புகைபோக்கி வெயிலில் மின்னியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் காலடியில் உட்கார்ந்தாள். சத்தியத்தை மீறப்போவதை அவரிடம் சொல்லிவிட்டே மீறுவது என்று முடிவு செய்து, வழியெல்லாம் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். 

“செண்பகம்.”

“சொல்லுங்கப்பா.”

“வண்டியில ஐஸ் நெறைய வைக்கச் சொல்லு. ஈஸ்ட் வெயில்ல செத்துகித்துப் போயி, அங்க பொங்காமக் கெடந்துச்சுன்னா நம்ம பேர்தான் கெடும்.”