பாதி ரோடு வரை வந்தவர்கள்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு எதிரே நான்குவழிச் சாலை வந்தது. நடப்பவர்கள் கடக்க அதில் ஒரு வெள்ளைக்கோடுகூட இல்லை. அந்தச் சாலையைப் பெருக்கும் பூவாயி, அதைக் கேட்டு நெடுஞ்சாலைப் பொறியாளர் தேவசகாயத்திடம் மூன்று முறை மனு கொடுத்தாள்.

அவர் சிரித்தார். "அங்க யாரும்மா நடக்கிறா? கடக்கணும்னு நிக்கிறவங்களை என் முன்னால கொண்டுவந்து நிறுத்து. சிக்னலே போட்டுத் தரேன்."

மறுநாள் மதியம் அலுவலகத்தில் அவர் கோப்பிலிருந்து தலை நிமிர்ந்தார். வாசலை அடைத்தபடி பத்தொன்பது ஒற்றைச் செருப்புகள், அவரைப் பார்த்து வரிசையாக இருந்தன. ஒன்று குழந்தையுடையது.

"கூட்டிட்டு வந்துட்டேன் ஐயா," என்றாள் பூவாயி.

"ஆளுங்க எங்க?"

"பாதி ரோடு வரைக்கும்தான் வந்தாங்க. மிச்சத்தை நான் பெருக்கும்போது எடுத்து வெச்சேன்."

தட்டச்சர் ரெஜினா எழுந்துவந்து, தையல் போட்ட ஒரு செருப்பின் அருகே உட்கார்ந்தாள். "எங்க அப்பாவோடது," என்றாள்.

தேவசகாயம் வெளியே போக எழுந்தார். செருப்புகளைத் தாண்டாமல் வழியில்லை.

"கடந்து போங்க ஐயா," என்றாள் பூவாயி. "இவங்க நின்னு வழி விடுவாங்க."

தூக்கிய காலை அவர் மெல்லக் கீழே வைத்தார். திரும்பிப் போய் உட்கார்ந்து, அந்த மனுவைக் கேட்டார். கையெழுத்துப் போட்ட பிறகும், பூவாயி கடைசிச் செருப்பை எடுக்கும்வரை அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.