பூவாத்தாவின் இடக்கைக் கத்தரி

அருவிக்காட்டில் மூக்கன் என்று ஒரு காட்டுப்பன்றி இருந்தது. கத்தரிக்குச் சாணை பிடிப்பதுதான் அதன் பிழைப்பு. அந்தக் காட்டில் மரத்துக்கு மரம் முடிதிருத்தும் கடை. கடைக்காரர்கள் எல்லாம் குரங்குகள். கத்தரி மழுங்கினால் மூக்கனைத்தான் கூப்பிடுவார்கள்.

மூக்கனுக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்லைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போகும். போனதும் வேலையைத் தொடங்காது. மூலையில் உட்கார்ந்து, கடைக்காரக் குரங்கு ஒரு தலைக்கு முடி வெட்டி முடிக்கும்வரை பார்க்கும். எந்தக் கை, எவ்வளவு அழுத்தம் என்று தெரிந்த பிறகுதான் கல்லில் தண்ணீர் தெளிக்கும்.

"ஒரு நாளைக்கு ரெண்டே கத்தரியா? எப்ப மாப்ளே முன்னேறப் போறே?" என்று நரி ஒருநாள் கேலி பண்ணியது. "அருவியில ஒரு சக்கரம் போடு! கத்தரியெல்லாம் உன்னைத் தேடி வரும்!"

மூக்கனுக்கு ஆசை வந்துவிட்டது. தண்ணீர் விழுந்தால் சுழலும் சாணைச் சக்கரம் ஒன்றை அமைத்தது. காகங்கள் கூடை கூடையாகக் கத்தரிகளைக் கொண்டுவந்து கொட்டின. சர்ர்ர்... ஒரு நாளைக்கு நூறு கத்தரி! மூக்கன் பேர் நாலு காட்டுக்கும் பரவியது.

ஆனாலும் மனசுக்குள் ஒரு வெறுமை. ஆஹா, அது ஒரு காலம்! கடை மூலையில் உட்கார்ந்து கேட்ட ஊர்வம்பு எத்தனை! காதுமுடி வெட்டும்போது கூச்சம் தாங்காமல் கரடி சிரிக்கும் சிரிப்பு என்ன! பூவாத்தா என்ற மந்தி, வாழைப்பழத்தில் பாதியை ஒடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மீதியைத் தின்னும். மூக்கனை நம்பி முதன்முதலில் கத்தரி கொடுத்ததும் அந்தப் பூவாத்தாதான். அதைப் பார்த்தே ஒரு வருடம் ஆகிவிட்டது.

ஒருநாள் அந்தப் பூவாத்தாவே அழுதுகொண்டு ஓடிவந்தது.

"அண்ணே, என் பொழப்பே போச்சு!"

"என்ன ஆச்சு தாயி?"

"சிங்கராசாவுக்கு இன்னிக்குப் பட்டாபிஷேகம். பிடரிமுடி வெட்டப் போனேன். உங்க சக்கரத்துல தீட்டின கத்தரி முடியைக் கவ்வி இழுத்துடுச்சு! பொழுது சாயுறதுக்குள்ள சரியா வெட்டலைன்னா காட்டை விட்டே ஓடிப்போன்னுட்டாரு!"

மூக்கன் கத்தரியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பூவாத்தா இடக்கைக்காரி. அதன் கத்தரிக்கு விளிம்பு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். சக்கரமோ வலக்கைக் கத்தரி மாதிரியே தீட்டித் தள்ளியிருந்தது.

"கூடையில ஏன் போட்டே தாயி?"

"நீங்க வருவீங்க வருவீங்கன்னு வருஷம் முழுக்கப் பார்த்தேன். வரலையே அண்ணே!"

மூக்கன் பழைய கல்லைத் தேடி எடுத்தது. இரண்டும் சிங்கத்திடம் ஓடின. பட்டாபிஷேகத்துக்குக் காடே அங்கே கூடியிருந்தது.

"ராசா, தப்பு என்னுது. இங்கேயே சரி பண்றேன். ஆனா பூவாத்தா வெட்டுறதை ஒரு தடவை பார்த்தாகணும். யாராவது தலை குடுங்க!"

ஒருவரும் அசையவில்லை. நரி மெல்லப் புதருக்குள் நழுவியது.

"அப்ப என் முதுகு முடியை வெட்டு தாயி!" மூக்கன் குனிந்து நின்றது.

பூவாத்தா வெட்டியது. ஐயோ! ஒவ்வொரு வெட்டுக்கும் முடி வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. மூக்கன் கண்ணில் பொலபொலவென்று நீர். 'நான் தீட்டின கத்தரியில இப்படி எத்தனை பேரு சொல்லாமலே தாங்கினாங்களோ!' என்று வெட்கப்பட்டது.

பிறகு கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டத் தொடங்கியது. கல்லின் சத்தம் கேட்டதும் சுற்றியிருந்த குரங்குகள் பழையபடி ஊர்வம்பு பேச ஆரம்பித்தன. மூக்கன் அழுதுகொண்டே சிரித்தது.

பொழுது சாய்வதற்குள் பூவாத்தா பிடரிமுடியை வெட்டி முடித்தது. சிங்கம் சுகமாகக் கண்ணை மூடி, "ம்... காதுக்குப் பின்னாடி இன்னும் கொஞ்சம்!" என்றது.

மூக்கன் சக்கரத்தை உடைத்துவிடவில்லை. இன்னும் நாலு பன்றிகளை வேலைக்குச் சேர்த்தது. ஆனால் ஒரு கட்டளை போட்டது: தீட்டின கத்தரியின் முதல் வெட்டு, தீட்டினவர் முதுகில்தான்! அந்தக் கடைப் பன்றிகளுக்கு இன்றைக்கும் முதுகெல்லாம் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும்.

தன் கைவேலையைத் தன் மேலேயே சோதித்துப் பார்ப்பவரின் தொழில் எவ்வளவு பெருகினாலும் பெயர் கெடாது.