ஆவி படிந்த கண்ணாடி

வெள்ளிக்கிழமை காலை ஐந்து நாற்பது. அதற்குள் அறுபத்தெட்டு டீ போட்டிருந்தார் மாஸ்டர் சிக்கந்தர். வயது இருபத்தொன்பது.

அருப்புக்கோட்டையில், பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை. பக்கத்தில் நின்று தொழில் பழகிய சீடர் தங்கையாவுக்கு ஐம்பத்து நான்கு. நூல் மில்லை மூடியதும் இந்தப் பக்கம் வந்தவர். திங்கட்கிழமை சிக்கந்தர் திண்டுக்கல்லில் சொந்தக் கடை போடுகிறார். அதற்குள் தங்கையா தேறிவிட்டால் இந்த அடுப்படி அவருக்கு. இல்லாவிட்டால் கோவில்பட்டியிலிருந்து ஆள் வரும். முதலாளி சொல்லிவிட்டார்.

தங்கையாவுக்குக் கையில் கோளாறு இல்லை. கண்ணாடியில்தான். எட்ட இருப்பது தெரிவதற்காகப் போன வாரம் வாங்கியது. பாய்லர் பக்கம் குனிந்தால் ஆவி படிந்து உலகமே மார்கழி மாதமாகிவிடும். துண்டால் துடைத்தால் பாலாடை ஒட்டும்.

"மாஸ்டர், இதை எப்பப் போடணும், எப்பக் கழட்டணும்?"

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"எந்திரிச்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் போடச் சொன்னாரு. என் மச்சினன், எந்நேரமும் போட்டா கண்ணு சோம்பேறியாயிடும்ங்கிறான்."

"மச்சினன் என்ன வேலை பாக்குறாரு?"

"ஒண்ணும் பாக்கலை."

சிக்கந்தர் தங்கையாவின் மூக்கிலிருந்து கண்ணாடியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆத்துங்க அண்ணாச்சி."

தங்கையா ஆற்றினார். ஒரு முழ உயரத்திலிருந்து டீ இறங்கியது. துளி சிந்தவில்லை.

"நிறைஞ்சது எப்படித் தெரிஞ்சது?"

"சத்தம் மாறுச்சு மாஸ்டர்."

"சரி. ரோட்டைப் பாருங்க. யாரு வர்றா?"

தங்கையா கண்ணைச் சுருக்கினார். "யாரோ வேட்டி கட்டுனவரு."

"இந்த ஊர்ல பாதிப் பேரு வேட்டிதான் அண்ணாச்சி."

வேட்டிக்காரர் வந்து நின்றார். பூக்கடை சங்கிலி. தங்கையா மரியாதையாகக் கேட்டார்.

"அண்ணே, என்ன டீ?"

சங்கிலியின் முகம் சுருங்கிவிட்டது. அந்தக் கடையில் வாடிக்கைக்காரர்கள் வாயைத் திறந்து கேட்பதில்லை. ரோட்டின் எதிர்ப்பக்கம் கால் வைக்கும்போதே அவரவர் டீ தொடங்கிவிடும். வந்து சேரும்போது கிளாஸ் நீளும். அதற்காகவே இரண்டு கடை தாண்டி வருகிறவர்கள் உண்டு.

"பதினோரு வருஷமா வர்றேன். நான் என்ன, பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேக்க வந்தவனாப்பா?"

சிக்கந்தர் சர்க்கரை இல்லாத டீயை நீட்டிச் சமாதானம் செய்தார். பிறகு கண்ணாடியைத் தங்கையாவிடம் கொடுத்தார்.

"போடுங்க. இப்பப் பாருங்க."

பஸ் ஸ்டாண்டு வாசல் வரை தெளிவாகத் தெரிந்தது. பெட்ரோல் பங்க் வாட்ச்மேன் மாடசாமி ரோட்டில் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"மாடசாமி. ஸ்ட்ராங், சர்க்கரை கம்மி."

"அவ்வளவுதானா?"

தங்கையா இன்னும் பார்த்தார். மாடசாமி நடுவில் நின்று இருமினார். மறுபடி நடந்தார்.

"இஞ்சி தட்டிப் போடணும் மாஸ்டர்."

"போடுங்க."

மாடசாமி வந்து சேர்ந்தார். கையில் வாங்கினார். ஒரு வாய் குடித்தார். நிமிர்ந்து தங்கையாவைப் பார்த்துச் சிரித்தார்.

"யாருய்யா உங்கிட்டச் சொன்னது?"

தங்கையாவுக்கு அவர் சிரிப்பு தெரியவில்லை. குரலில் கேட்டது. கண்ணாடி முழுக்க ஆவி.

"மாஸ்டர், மறுபடி மூடிக்கிச்சு."

"மூடட்டும் அண்ணாச்சி. அதுக்குள்ள ஆளைப் பாத்தாச்சே."

2019 ஜூன் 10, திங்கட்கிழமை. காலை ஏழு மணி வரை தங்கையா தனியாக நூற்று முப்பத்திரண்டு டீ போட்டார். வாயைத் திறந்து கேட்டு வாங்கியவர்கள் இரண்டு பேர். இருவரும் வெளியூர்.